விளாம்பழ ஜாமும் மிச்சக் காஸும்

"இறைச்சிக்குள்ள இனிப்பா? உங்களுக்கு என்ன விசரே?"

இந்தக் கேள்வி எங்கள் குசினியில் முதன்முதலாகக் கேட்கப்பட்டது 2022 மே மாதத்தில். கேட்டது எங்களோடு இருந்த யாழ்ப்பாணத்துக்காரிகள் இரண்டு பேரில் ஒருத்தி. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் அப்போது நாங்கள் நாலு பேர் இருந்தோம். யாழ்ப்பாணம் இரண்டு, ஹட்டன் ஒன்று, மட்டக்களப்பு ஒன்று. பெயர் சொல்லிக் கூப்பிடுவது கோபம் வந்தால் மட்டும்தான். மற்றும்படி ஊர்தான் பெயர். ஹட்டனும் மட்டக்களப்பும் சரி, யாழ்ப்பாணம் இரண்டையும் வயதை வைத்துப் பெரிய யாழ், சின்ன யாழ் என்று பிரித்திருந்தோம். இதை எழுதுகிற நாங்கள் இப்போது மூன்று பேர்.

குசினி என்பது எங்கள் மரியாதைக்காகச் சொல்வது. ஒரு சிங்க், ஒரு பலகை, இரண்டு அடுப்பு, கீழே ஒரு பன்னிரண்டரைக் கிலோ காஸ் சிலிண்டர். அதற்குள் நாலு ஊர்ச் சமையலும் நடக்க வேண்டும். யாழ்ப்பாணம் "உள்ளி எடு" என்றால் ஹட்டன் "பூண்டு எங்க?" என்று தேடுவாள். "தாச்சி" என்றால் அவளுக்குச் சிரிப்பு வரும். சிரிப்பை விடுங்கள், சண்டையெல்லாம் உறைப்பில்தான். யாழ்ப்பாணத்துக் கறித்தூளில் மட்டக்களப்புக்காரிக்குக் கண்ணீர் வரும். அவள் தேங்காய்ப்பால் விட்டுச் சமைக்கிறதைப் பார்த்து மற்றவர்கள் "பாயாசமே வைக்கிறாய்?" என்று கேட்போம்.

அப்படி இருந்த எங்களைப் பழமும் கோழியும் சேர்ந்த ஒரு சமையலில் கொண்டுபோய் விட்டது ருசி ஆசை இல்லை, காஸ்.

அந்த வருசத்தை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஏப்ரல் கடைசியில் ஒரு சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியது. ஏறின விலைக்காவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று கட்டி, வரிசையில் விட்டுவிட்டு, ஆட்கள் நிழலில் குந்தியிருந்த காலம். ஆட்டிறைச்சிக் கறியை ஒரு மணித்தியாலம் சிம்மில் வைத்து எண்ணெய் பிரியும் வரை பார்த்துக்கொண்டிருக்கிற ஆடம்பரம் எங்களுக்கு இல்லாமல் போனது. எது சமைத்தாலும் இருபத்தைந்து நிமிசத்துக்குள் அடுப்பு அணைய வேண்டும் என்று சட்டம் போட்டோம். பருப்பை முதல் நாள் இரவே ஊறவைத்தோம். சோற்றைக் கொதிக்க வைத்து, மூடி, பழைய போர்வையால் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்தோம். அரை மணித்தியாலத்தில் அதுவே வெந்துவிடும். இது வேலை செய்கிறது, செய்து பாருங்கள்.

இப்படியான நேரத்தில்தான் ஹட்டன்காரி ஒரு வெளிநாட்டு வீடியோவைக் காட்டினாள். ஒரு பெண் கோழித்தொடைகளைத் தாச்சியில் பொரித்து, அப்ரிகொட் ஜாமும் சோயா சோஸும் மிளகாயும் கலந்து ஊற்றுகிறாள். கொஞ்ச நேரத்தில் கோழி கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. முழுக்க இருபது நிமிசம். கீழே எங்கள் தலைப்பு விவாதம் தொடங்கியது: இறைச்சிக்குள்ள இனிப்பா?

யோசித்துப் பார்த்தால் அந்தக் கேள்வியே பிழை. இந்த நாட்டில் எந்தச் சைனீஸ் சாப்பாட்டுக் கடையிலும் கிடைக்கிற சிக்கன் டெவல் வேறு என்ன? கறிமிளகாய், பம்பாய் வெங்காயம், தக்காளி சோஸ், சீனி, மிளகாய். சில இடங்களில் அன்னாசித் துண்டும் போடுவார்கள். அதை நாங்கள் எல்லோரும் கை நக்கிச் சாப்பிட்டவர்கள்தான். மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்று வளர்ந்தவர்கள். ஈரானில் கோழியை மாதுளைச் சாற்றிலும் அக்ரூட்டிலும் சமைப்பார்கள், மொரோக்கோவில் உலர்ந்த அப்ரிகொட்டோடு வேகவைப்பார்கள். கடையில் சாப்பிட்டால் டெவல், வீட்டில் செய்தால் விசர். எங்கள் அம்மாமாரின் குரல் எங்களுக்குள் எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கவனித்தோம்.

அப்ரிகொட்டுக்கு வழியில்லை. அது இங்கே காய்க்கிற பழமும் இல்லை, இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் சுப்பர் மார்க்கெட் தட்டில் தனியாக நின்ற ஒரு போத்தலின் விலையைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பி வைத்தோம். இருக்கிற பழத்தில் செய்வோம் என்று இறங்கினோம். அதில் மூன்று தோல்வி.

முதல் தோல்வி, அன்னாசி. பச்சை அன்னாசியை அரைத்து, கோழியில் பிரட்டி, இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தோம். (கரண்ட் இல்லாத நேரத்தில் அது வெறும் பெட்டிதான், அது வேறு கதை.) அடுத்த நாள் எடுத்தால் கோழி மா மாதிரி இருந்தது. கையில் அழுத்தினால் கரைகிறது. அன்னாசியில் புரோமலைன் என்று ஒரு நொதியம் இருக்கிறது, அது புரதத்தை உடைக்கும் என்று பிறகுதான் படித்தோம். அன்னாசி தின்றால் நாக்கு கடிக்கிறதே, அதற்கும் அதுவும் ஒரு காரணம். அன்னாசியை ஒருமுறை கொதிக்க வைத்தால் அந்த நொதியம் செத்துவிடும், பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிரட்டி வைக்கலாம். அவசரமென்றால் பச்சையாகவே போடலாம், ஆனால் அரை மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

இரண்டாவது, மாம்பழம். பெரிய யாழின் அம்மா பஸ்ஸில் கறுத்தக்கொழும்பான் அனுப்பியிருந்தார். அதில் ஒன்றை எடுத்துக் கூழாக்கித் தாச்சியில் ஊற்றினோம். ருசி பிழையில்லை. ஆனால் கறுத்தக்கொழும்பானைச் சோயா சோஸில் போட்டுக் கொதிக்க வைக்கிறதைப் பார்த்துக்கொண்டு இருக்க எங்களால் முடியவில்லை. பெரிய யாழ் அன்று இரவு அம்மாவோடு கதைக்கும்போது, "ஓமோம், எல்லாம் நல்லாச் சாப்பிட்டம்" என்று மட்டும் சொன்னாள். சில பழங்களைக் கையில் பிடித்து, சாறு முழங்கை வரை வழிய, சிங்க்கடியில் நின்று தின்ன வேண்டும்.

மூன்றாவது, ஜாம். கடையில் மலிவாகக் கிடைத்தது விளாம்பழ ஜாம். இது சரிவரும் என்று எங்களுக்கு உடனே பட்டது, ஏனென்றால் விளாம்பழத்தில் இனிப்பைவிடப் புளிப்புத்தான் முன்னுக்கு நிற்கும், பின்னால் ஒரு மெல்லிய கசப்பும் வரும். ஆனால் ஜாமைத் தொடக்கத்திலேயே கோழியோடு போட்டுவிட்டோம். சீனி தாச்சியில் கருகுகிற வேகத்துக்குக் கோழி வேகாது. வெளியில் கரி, எலும்பருகில் இரத்தம். இதில் இன்னொரு தொல்லை, விளாம்பழ ஜாம் ஏற்கனவே கடும் மண்ணிறம், அது கருகுகிறதா இல்லையா என்று கண்ணால் பிடிக்க ஏலாது. மூக்கால்தான் பிடிக்க வேண்டும். அன்றைக்கு எங்கள் தாச்சியில் விழுந்த கருப்பு வட்டம் இன்றைக்கும் போகவில்லை.

இவ்வளவும் சிரித்துக்கொண்டு செய்தோம். ஜூன் மாதம் சிரிப்பு நின்றது.

ஒரு நாள் காலை, வீட்டுக்கார அன்ரி ஒரு கடித உறையைக் கொண்டுவந்து தந்தார். "மட்டக்களப்புப் பிள்ளையின்ர பாஸ்போர்ட் வந்திருக்குப் போல. விசா கிடைச்சிட்டுதாமே? எப்ப பயணம்?" என்று கேட்டார். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அன்ரிக்குத் தெரிந்திருக்கிறது, ஏனென்றால் அட்வான்ஸ் காசைத் திருப்பித் தருவீங்களா என்று அவள் அன்ரியிடம் முன்பே கேட்டிருக்கிறாள். இங்கிலாந்துக்கு, முதியவர்களைப் பராமரிக்கிற வேலை. விண்ணப்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மூன்று மாதமும் எங்களோடு ஒரே தாச்சியில் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று மாலை அவள் வேலையால் வந்தபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உறையை அவளது கட்டிலில் வைத்திருந்தோம். கேட்டுச் சண்டை பிடித்திருந்தால் அது ஒரு மணித்தியாலத்தில் முடிந்திருக்கும். நாங்கள் கதைக்காமல் விட்டோம். எட்டு நாள்.

கதைக்காமல் விட்டதின் முதல் செலவு காஸ். சேர்ந்து சமைக்கவில்லை, ஆளுக்கொரு சட்டி. ஒருத்தி நூடில்ஸ் அவித்து முடிய மற்றவள் வந்து முட்டை பொரிப்பாள், அவள் போக அடுத்தவள் தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பாள். ஒரு சிலிண்டரை மூன்று மாதம் இழுத்த நாங்கள் அந்த எட்டு நாளில் கோபத்தில் எரித்த காஸை நினைத்தால் இப்போதும் வயிறு பற்றுகிறது. எட்டாவது நாள் சின்ன யாழ் சிலிண்டரை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் குந்தியிருந்தாள். உள்ளே திரவமாகக் காஸ் இருக்கிற மட்டம் வரை ஈரம் பிந்தித்தான் காயும். அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மட்டும் ஈரம் நின்றது.

"இன்னும் ஒரு சமையல்தான் வரும்," என்றாள் பொதுவாக, ஆரையும் பார்க்காமல்.

அவளுக்குப் பயணம் ஞாயிற்றுக்கிழமை. அது வியாழன். வெள்ளிக்கிழமை அன்ரி வீட்டு வளவுக்குள் மச்சம் மணக்கக்கூடாது என்பது அனெக்ஸ் எடுத்த நாளில் இருந்தே ஒப்பந்தம். சனிக்கிழமை அவளது வீட்டார் மட்டக்களப்பில் இருந்து வந்துவிடுவார்கள். ஆக, இருந்தது அந்த இரவு மட்டும்தான். ஹட்டன்காரி ஒன்றும் சொல்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு போய், எலும்பெடுத்த கோழித்தொடை அறுநூறு கிராமும் ஒரு றாத்தல் பாணும் வாங்கி வந்தாள். கோழி விற்ற விலைக்கு அது சின்னச் செலவில்லை. யாரிடமும் பங்கு கேட்கவும் இல்லை.

அன்று செய்ததை அப்படியே சொல்கிறோம், ஏனென்றால் அது சரியாக வந்தது.

கோழியைக் கழுவிய பிறகு பழைய துணியால் ஒற்றி ஈரம் எடுத்தோம். ஈரம் இருந்தால் அது பொரியாது, அவியும். உப்பும் மிளகுதூளும் மட்டும் பிரட்டினோம். அடுப்பைப் பற்றவைக்க முன்னமே மற்ற எல்லாம் வெட்டி, ஒரு கோப்பையில் கலந்து தயாராக இருந்தது. காஸ் இல்லாத காலம் எங்களுக்குப் படிப்பித்த ஒழுங்கு இது, முன்பு நாங்கள் அடுப்பு எரிய எரியத்தான் வெங்காயம் உரிப்போம். கோப்பையில்: விளாம்பழ ஜாம் மூன்று மேசைக்கரண்டி, சோயா சோஸ் ஒன்று, வினாகிரி ஒன்று, தண்ணி இரண்டு. இடித்த செத்தல் மிளகாய் ஒரு தேக்கரண்டி. யாழ்ப்பாணக் கை ஒன்று அதற்கு மேல் இன்னொரு அரைக்கரண்டி போட்டதை அன்றைக்கு மட்டக்களப்பு பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

தாச்சி நன்றாகச் சூடான பிறகு எண்ணெய், பிறகு கோழி. ஒரு பக்கம் ஆறு நிமிசம், தொடக்கூடாது. கிண்டினால் ஒட்டும், விட்டுவிட்டால் தானாகக் கழரும். பிரட்டி மற்றப் பக்கம் நாலு நிமிசம். கோழியை எடுத்துக் கோப்பையில் வைத்து மூடி, அதே எண்ணெயில் நசுக்கின உள்ளி நாலு பல்லும் ஒரு துண்டு இஞ்சியும். மணம் வந்த உடனே கலவையை ஊற்றினோம். கரண்டியால் அடியைச் சுரண்டி, மூன்று நிமிசம் கொதிக்க விட்டோம். குமிழிகள் சின்னனாக, வேகமாக வந்தன. அது பெரிய பெரிய குமிழியாக, சோம்பலாக வெடிக்கத் தொடங்கும்போது பாகு தடித்துவிட்டது என்று அர்த்தம். அப்போதுதான் கோழி திரும்ப உள்ளே போக வேண்டும், கோப்பையில் வடிந்த சாறோடு சேர்த்து. இன்னும் இரண்டு நிமிசம் பிரட்டினால் போதும். வெட்டிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக்கூடாது, சாறு தெளிவாக வர வேண்டும். இறக்கின பிறகு அரைத் தேசிக்காய். தேசிக்காய்ப் புளியை அடுப்பில் விட வேண்டாம், கசக்கும்.

பாகு கொதித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. அடுப்பின் நீல வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. நாலு பேரும் அந்தச் சின்ன இடத்துக்குள் அந்த நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றோம், எந்த நேரம் அணையும் என்று. அப்போதுதான் மட்டக்களப்பு கதைத்தாள்.

"விசா ரிஜெக்ட் ஆகியிருந்தா நான் எங்க போயிருப்பன்? நீங்க அதுக்குள்ள வேற ஆள் பாத்திருப்பீங்க."

யாரும் பதில் சொல்லவில்லை. அனெக்ஸ் வாடகை அறுபதாயிரம். நாலு பேர் என்றால் பதினையாயிரம், மூன்று பேர் என்றால் இருபதாயிரம். அந்த ஐயாயிரம் எங்களில் ஒருத்திக்கும் சும்மா கிடக்கிற காசில்லை. மார்ச்சிலேயே அவள் சொல்லியிருந்தால், நாங்கள் அழுதிருப்போம், கட்டிப்பிடித்திருப்போம், அடுத்த கிழமையே தெரிந்தவர்களிடம் "ஒரு பிள்ளைக்கு இடமிருக்கு" என்று சொல்லி வைத்திருப்போம். அவளுக்கு ஊரில் நகை அடகில் இருந்தது. விசா பிழைத்தால் அந்தக் கடனோடு, தங்க இடமும் இல்லாமல் நின்றிருப்பாள்.

"ஓம், பாத்திருப்பம்தான்," என்றாள் பெரிய யாழ்.

"அப்படிச் சொல்லாதடி," என்றாள் ஹட்டன்.

"ஏன்? உண்மையத்தானே சொல்றன்."

மட்டக்களப்பு சிரித்துவிட்டாள். அழுகையும் சேர்ந்துதான். "சரி கா, கோழி கருகப்போகுது, மூக்கால பாருங்க," என்றாள்.

மேசை இல்லை. தாச்சியை நடுவில் பழைய பத்திரிகையில் வைத்து, மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தி, நிலத்தில் இருந்து பாணால் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டோம். முதல் இனிப்பு வருகிறது, உடனே புளிப்பு, தொண்டைக்குள் இறங்கிய பிறகுதான் உறைப்பு. மெழுகுதிரி வெளிச்சத்தில் அந்த மண்ணிறம் மினுங்கியதை வீடியோக்காரி பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பாள். சாப்பாட்டின்போது பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை. யார் இரும்புக் கட்டிலை எடுக்கிறது, அவளது மழைக்கோட் யாருக்கு, அன்ரி அட்வான்ஸைத் தருவாரா, இதுகள்தான். தாச்சியில் ஒட்டியிருந்த கடைசிப் பாகைச் சின்ன யாழ் பாண் கரையால் வழித்தாள். அதற்கு ஒரு சண்டை வந்தது, நல்ல சண்டை.

ஒரு சமையலுக்குத்தான் வரும் என்று நாங்கள் பயந்த அந்தக் காஸ் பிறகும் ஐந்து நாள் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை விடிய அவளை விமான நிலையத்துக்கு அனுப்பப் போட்ட தேத்தண்ணியும் அதில்தான். அவளுக்குத் தேங்காய்ப்பால் ஊற்றின கஞ்சி ஒன்று வைத்துக் கொடுத்திருக்கலாம், யாருக்கும் துணியவில்லை.

நாலாவது ஆளை நாங்கள் தேடவில்லை என்று எழுத ஆசைதான். தேடினோம். ஜூலை முழுக்கத் தேடினோம், இருந்த நிலைமையில் கொழும்புக்கு வருகிறவர்களைவிடப் போகிறவர்கள்தான் கூட. நவம்பரில் அனெக்ஸை விட்டுவிட்டுத் தெஹிவளைப் பக்கம் சின்ன இடம் ஒன்றுக்கு மாறினோம். அன்ரி அட்வான்ஸ் காசை முழுதாகத் தந்தார், மட்டக்களப்பின் பங்கையும் சேர்த்து. அதை அவளது அம்மாவின் கணக்குக்குப் போட்டோம். கருப்பு வட்டம் விழுந்த தாச்சி இன்னும் எங்களோடு இருக்கிறது. ஹட்டன் அதை வாணாச்சட்டி என்கிறாள்.

போன மாதம் அவள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒரு சின்னக் குசினி, நாலு அடுப்பு, அதில் ஒன்றில் கோழி. பக்கத்தில் அப்ரிகொட் ஜாம் போத்தல். கடைசியில் அசல் சாமானோடு செய்திருக்கிறாள். கீழே எழுதியிருந்தாள்: "சரியான இனிப்பு கா. ஒண்டுக்கும் உதவாது. புளி கரைச்சு விட்டுத்தான் திண்டன். அங்க தமிழ்க்கடையில விளாம்பழ ஜாம் இருக்கு, ஆனா பஸ்ல ஒரு மணித்தியாலம்."

உறைப்பு எவ்வளவு போட்டாய் என்று கேட்டோம். ஒன்றரைக் கரண்டி என்றாள்.